இறக்குமதிப் பதக்கமா?

சிங்கப்பூரின் மேசைப்பந்து வீராங்கனை ஃபெங் தியன்வெய் வென்ற பதக்கங்களை "இறக்குமதிச் சரக்கு" என்று ஒதுக்குவோர் உண்டு. ஹார்பினில் பிறந்தவர், 2008-ல்தான் குடியுரிமை பெற்றவர் என்பதெல்லாம் உண்மை. ஆனால் 2010-ல் மாஸ்கோவில் நடந்த உலக அணிப் போட்டி இறுதியில் அவர் ஆடிய சிங்கப்பூர் 3-1 என்று சாய்த்தது பிறந்த மண்ணான சீனாவையே. உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் பறிபோகிறதே என்ற மனக்குறையில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஆடுபவர் அல்லர். வெறும் கூலிக்கு வந்தவர் என்றால், 2012 லண்டன் ஒற்றையர் வெண்கலத்தோடு மூட்டை கட்டியிருக்கலாமே? 2016-ல் தேசிய அணியிலிருந்து விலக்கப்பட்ட பிறகும் ஆட்டத்தை விடவில்லை. 2022-ல், 35 வயதில், பர்மிங்ஹாம் காமன்வெல்த் ஒற்றையர் இறுதியில் நின்றார். எதிரே சக சிங்கப்பூர் வீராங்கனை செங் ஜியான் (அவரும் சீனாவில் பிறந்தவர்தான்). முதல் மூன்று செட்டையும் பறிகொடுத்த ஃபெங், அடுத்த நான்கையும் வரிசையாக எடுத்தார்.