உங்கள் இஷ்டம்

நம் வீடுகளில் மிகவும் மரியாதையான பேச்சு எது என்று என்னைக் கேட்டால், 'உங்கள் இஷ்டம்' என்பதைத்தான் சொல்வேன். பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம், விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போகலாம் என்று கணவன் கேட்கிறான். மனைவி இந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். கேட்டவனுக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. (சமையல் விஷயத்தில் ஆண்களும் 'உன் இஷ்டம்' என்பதுண்டு. அது வேறு ரகம், வெறும் சோம்பல். இலையில் பரிமாறிய பிறகு குறை சொல்லும் உரிமையை அவர்கள் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை.)

இப்படித் தன் விருப்பத்தை மறைத்துக்கொள்வதை அன்பு என்பதா, பொய் என்பதா? சென்ற மாதம் ஒரு சனி, ஞாயிறில் நானும் என் மனைவியும் மதுரையிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போய்வந்தபோது, இந்தக் கேள்வியும் மூன்றாவது ஆளாக எங்களோடு ஏறிக்கொண்டது.

புறப்படும்போதே அவள் ஒரு நிபந்தனை போட்டாள். சனிக்கிழமை என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. ஒருவர் நாளில் மற்றவர் கூடவே போக வேண்டும். ஆனால் பிடிக்காததைப் பிடித்திருக்கிறது என்று சொல்லக் கூடாது. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு இதென்ன புதுச் சட்டம் என்று கேட்டேன். மேலூர் தாண்டித் திருப்பத்தூர் வரும் வரையில் பதில் இல்லை. பிறகு தன் தாயாரைப் பற்றிச் சொன்னாள்.

ஒரு கோடை விடுமுறையில், "பழநிக்குப் போகலாமா?" என்று அவள் தகப்பனார் கேட்டாராம். "எனக்குக் கன்னியாகுமரியில் கடல் பார்க்க வேண்டும் போலிருக்கிறது" என்று தாயார் சொல்லியிருக்கிறார். தகப்பனார் கோபிக்கவில்லை, அதட்டவில்லை, "சரி" என்றார். ஆனால் மூன்று நாள் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அந்த வருஷம் பழநியும் இல்லை, கன்னியாகுமரியும் இல்லை.

"அதற்கப்புறம் அம்மா 'உங்கள் இஷ்டம்' என்பதைத் தவிர வேறு பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. எவ்வளவு அடக்கமான பொம்பளை என்று ஊரே புகழும்" என்றாள்.

அந்த அம்மாள் கடைசி வரையில் கடலைப் பார்க்கவில்லை.

புதுக்கோட்டையைக் கடந்து, ஆதனக்கோட்டையில் சாலையோரத்துப் பெண்களிடம் வறுத்த முந்திரிப் பருப்பு வாங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். 'உங்கள் இஷ்டம்' என்பது மனைவியின் வாயிலிருந்து வருகிறது. ஆனால் பெரும்பாலும் அதை உண்டாக்குகிறவன் கேட்டுக்கொண்டு நிற்கிற கணவன்தான். விருப்பத்தைக் கேட்பது ஒன்றும் பெரிய உபகாரம் அல்ல. வருகிற பதிலை முகம் கோணாமல் வாங்கிக்கொள்ள வேண்டுமே, அதில் அல்லவா இருக்கிறது சங்கடம்! 'வேண்டாம்' என்ற பதிலைத் தாங்க முடியாதவன் கேள்வி கேட்கவில்லை. தன் முடிவைக் கேள்வி போல அறிவிக்கிறான்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் கட்டி முடிக்கப்பட்டது. 216 அடி விமானத்தை அண்ணாந்து பார்த்து, "அம்மாடி!" என்று நின்றுவிட்டாள் என் மனைவி. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பக்கத்தில் ஒருவர் குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைகள் உட்கார்ந்திருந்ததே அந்த நிழலில்தான்.

அங்குள்ள கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ராஜராஜன் தான் கொடுத்தவற்றையும், தன் அக்காள் கொடுத்தவற்றையும், தன் தேவிமார் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டும்படி ஆணையிட்டான். எல்லாமே சக்கரவர்த்தியின் கொடை என்று ஒரே வரியில் முடித்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்படிச் செய்யவில்லை. அக்காள் குந்தவை தன் தாய் தந்தையரின் திருமேனிகளைச் செய்துவைத்தாள் என்றால், அந்த ஆசை அவள் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. இதை நான் சற்றுப் பெருமையாகவே எடுத்துச் சொன்னேன்.

பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியேற்றப்பட்ட சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் கல்வெட்டைப் பற்றியும் சொன்னேன். ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் எழுதியிருக்கிறது.

"இங்கே வர உனக்கு இஷ்டமா என்று கேட்டதாக எழுதியிருக்கிறதா?" என்றாள்.

அது மட்டும் எழுதியிருக்கவில்லை.

பிற்பகல் சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போனோம். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தேடித் தேடிச் சேர்த்த செல்வம் அது. எனக்கு அங்கே பொழுது போவது தெரியாது. அவளோ பத்தே நிமிஷத்தில், "கண்ணாடிக்குள்ளே இருக்கிற ஓலையை எவ்வளவு நேரம் பார்க்கிறது? எனக்குச் சலிப்பாக இருக்கிறது, வெளியே உட்கார்ந்திருக்கிறேன்" என்று போய்விட்டாள். முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு ஓர் உண்மை புலப்பட்டது: காலையில் கோயிலில் அவள் சொன்ன 'அம்மாடி' உபசாரம் இல்லை. இங்கே 'சலிப்பு' என்று சொல்லக்கூடியவள் அங்கே வியந்ததை நான் சந்தேகமில்லாமல் நம்பலாம். எதைக் காட்டினாலும் 'அருமை' என்கிறவளோடு போகிறவன், உண்மையில் தனியாகத்தான் ஊர் பார்க்கிறான்.

ஒரு சின்னப் பொய்யால் குடும்பம் அமைதியாக நடக்குமானால் நடந்துவிட்டுப் போகட்டுமே என்று சில பெரியவர்கள் சொல்லக்கூடும். வள்ளுவரைக்கூடத் துணைக்கு அழைப்பார்கள். வள்ளுவர் குற்றமற்ற நன்மை விளைந்தால் என்றல்லவா நிபந்தனை போட்டிருக்கிறார்? அந்த வீட்டில் அமைதி இருந்தது உண்மை. ஒருத்தி கடலைப் பார்க்காமலே போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை ஒரு வீணைப் பட்டறைக்கு அழைத்துப் போனாள். சிறு வயதில் நாலு வருஷம் கற்றுக்கொண்டவள். பலா மரத்தைக் குடைந்து குடம் செய்வதையும், யாளி முகம் செதுக்குவதையும் கொஞ்ச நேரம் நானும் ஆவலாகப் பார்த்தேன். பிறகு ஒரு பெரியவர் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, தந்தியை மீட்டி மீட்டிக் காதாலேயே சரிபார்க்கத் தொடங்கினார். மயிரிழை நகர்த்துவார், கேட்பார், மறுபடி நகர்த்துவார். அவள் சிறு பெண் போல முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி ஆயிற்று.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள்.

"சலிப்பாக இருக்கிறது."

"எதிரே காப்பிக் கடை இருக்கிறது, போய்க் குடித்துவிட்டு வாருங்கள். எனக்கு இன்னும் அரை மணி ஆகும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் காப்பி குடித்து முடிக்கும் வரையில் பட்டறையிலிருந்து ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.