மொய் நோட்டில் வராத பெயர்கள்

போன ஆவணியில் சித்தையன்கோட்டையில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. கையெழுத்து நல்லா இருக்கும் என்று என்னை மொய் எழுத உட்கார்த்திவிட்டார்கள். ஊர், பெயர், தொகை. ஒரு பெரியவர் பணத்தைக் கொடுத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தார். "செம்பட்டின்னு போட்டியாப்பா? இல்லேன்னா வேற ஆளுன்னு நெனச்சுக்குவாய்ங்க." அவர் கவலை நியாயம்தான். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்கு இந்த நோட்டைப் பார்த்துத்தான் நாங்கள் திருப்பிச் செய்ய வேண்டும்.

அன்று காலைதான் ஒரு வேலைக்கான விண்ணப்பத்தில் என் எச்-இன்டெக்ஸை நிரப்பியிருந்தேன். 5. என் கட்டுரைகளில் ஐந்தையாவது, ஒவ்வொன்றையும் ஐந்து முறையாவது, மற்றவர்கள் சுட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. மூலக்கூறு உயிரியலில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் மொய் நோட்டு.

அந்த நோட்டில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு கட்டுரை அனுப்பினோம். பெயர் தெரியாத மதிப்பாய்வாளர் ஒருவர், இந்த நான்கு கட்டுரைகளையும் சுட்டினால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார். நான்கிலும் ஒரே ஒரு பெயர் பொதுவாக இருந்தது. அது யார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். சுருக்கத்தைத் தாண்டிப் படிக்காமலே நான்கையும் சேர்த்துவிட்டேன். இதழ் அனுமதித்த சான்றுகளின் எண்ணிக்கை தாண்டிவிட்டதால் வேறு நான்கை வெட்ட வேண்டியிருந்தது. 'எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே' என்று வெட்டியவற்றில் ஒன்று 1963ஆம் வருடக் கட்டுரை. எங்கள் மூன்றாவது படமே அதிலிருந்து வந்த ராமச்சந்திரன் வரைபடம்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954இல் கொலாஜன் புரதத்துக்கு முப்புரி வடிவத்தைச் சொன்னார்கள். (திண்டுக்கல் தோல் ஷாப்பில் ஊறுகிற தோலும் பெரும்பாலும் கொலாஜன்தான். அதன் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுவதுதான் பதனிடுதல்.) அடுத்த வருடமே அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் வேறு வடிவம் சொன்னார்கள், உங்கள் அமைப்பில் அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் குறை. ராமச்சந்திரன் அந்தக் குறையையே கேள்வியாக எடுத்துக்கொண்டார். சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? புரதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் ஃபை, சை என்ற இரண்டு கோணங்களில் திரும்பும். எந்தத் திருப்பம் நடக்கும், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று ஒரு சதுரத்துக்குள் வரைந்து காட்டினார்கள். இன்றைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தால் அந்தச் சதுரத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறோம்.

எண்ணிக்கையே மோசம் என்று நான் சொல்லவில்லை. 'நேச்சர்' இதழ் 2014இல் வெளியிட்ட பட்டியலில் முதலிடம், புரதத்தை அளக்க ஆலிவர் லௌரி 1951இல் எழுதிய செய்முறைக்கு. மூன்று லட்சத்துக்கும் மேல். டிஎன்ஏ வடிவத்தைச் சொன்ன கட்டுரை முதல் நூறிலேயே இல்லை. சிரிப்பு வரலாம். ஆனால் லௌரியைச் சுட்டியவர்களில் பெரும்பாலோர் அவர் முறையில் அளந்தவர்கள். அது நிஜக் கடன்.

என் நண்பன் சமாதானம் சொன்னான்: "மொய் மாதிரிதான்டா. அவன் கேட்டான், நீ எழுதின." இல்லை. கொடுக்காதவன் பேரில் மொய் எழுதினால் எங்கள் ஊரில் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். மொய்யில் ஆயிரம் கணக்கு உண்டு, பொய்க் கணக்கு கிடையாது. நான் எழுதியது பொய்.

வெட்டியதால் ராமச்சந்திரனுக்கு நஷ்டமில்லை, வரைபடமே அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் 1963 கட்டுரையில் மூன்று பெயர்கள். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்ற மற்ற இரண்டும் வரைபடத்தின் பெயரில் இல்லை, சான்றுப் பட்டியலில் மட்டும்தான் இருக்கின்றன. பந்தி பரிமாறினவன் பேர் மொய் நோட்டில் வராது என்பார்கள். இங்கே வந்திருந்த பெயரை நான் அடித்துவிட்டேன்.

இப்போது எழுதும் கட்டுரையில் அதை 17ஆவது சான்றாகப் போட்டிருக்கிறேன். கூட எழுதுபவர் ஓரத்தில் குறிப்பு வைத்தார்: "இது எதுக்கு? எல்லாருக்கும் தெரியுமே." பதில் எழுதவில்லை, எடுக்கவும் இல்லை. பழைய கட்டுரையின் நான்கு அப்படியே இருக்கின்றன. அந்தக் கட்டுரையும் என் ஐந்தில் ஒன்று.