பிள்ளையை மலைக்கு அனுப்பும் பெற்றோருக்கு

 



பள்ளிக்கூடங்களில் சேர்க்கை தொடங்கும் காலம் வந்துவிட்டால், சேலம், ஆத்தூர், தருமபுரிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். “பையனை ஏற்காட்டில் சேர்த்துவிட்டால் என்ன?” என்று அத்தா கேட்பார். “அவ்வளவு தூரத்திலா?” என்று தாயின் முகம் வாடும். உறவுக்காரர் ஒருவர், “மலைப் பள்ளியில் படித்தால்தான் இங்கிலீஷ் வரும்” என்பார். மற்றொருவர், “பாதிரிமார் பள்ளியில் சேர்த்தால் தீன் போய்விடும்” என்பார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. மார்க்கம் என்ன சொல்கிறது என்றும் யாரும் கேட்பதில்லை.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலை ஏறினால், குளிரும் காப்பித் தோட்டமுமாய் ஏற்காடு நம்மை வரவேற்கிறது. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் பள்ளியும், புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியும் அங்கே நூறாண்டைக் கடந்து நடந்து வருகின்றன. எத்தனையோ சமூகத்துப் பிள்ளைகள் அந்த மலையில் படித்து முன்னேறியிருக்கிறார்கள். அதை மறைப்பது நீதியாகாது. ஒரு கூட்டத்தாரிடம் நமக்குள்ள வேற்றுமை, அவர்கள் விஷயத்தில் நம்மை அநீதியின் பக்கம் தள்ளிவிடக் கூடாது என்று திருமறை நம்மை எச்சரிக்கிறது (5:8).

பிற மதத்தாரிடம் கல்வி கற்கலாமா? இதற்குப் பத்ருப் போர்க்களம் பதில் சொல்கிறது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் நடந்த அந்தப் போரில் மக்காவாசிகள் பலர் சிறைப்பட்டனர். ஈட்டுத் தொகை கொடுக்க வசதியற்ற, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற நாயகம் (ஸல்) அவர்கள் வழிசெய்தார்கள். அந்த ஆசிரியர்கள் யார்? நேற்றுவரை வாளேந்தி எதிர்த்து நின்ற சிலை வணக்கக்காரர்கள்! அவர்களிடமிருந்துகூட எழுத்தைக் கற்பது தவறென்று பெருமானார் எண்ணவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் எழுத்தைக் கற்றார்கள். வளர்ப்பைப் பெற்றோரிடமே பெற்றார்கள். பாடம் முடிந்ததும் அவர்கள் திரும்பியது தங்கள் தாயின் வீட்டுக்கு. கேட்டது பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசையை. விடுதிப் பள்ளியில் நிலைமை வேறு. அங்கே பாடத்தோடு சேர்த்து உணவு, உறக்கம், நட்பு, நேரம், பழக்கம் அனைத்தையும் நாம் பிறர் கையில் ஒப்படைக்கிறோம். ஊர்ப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் கேட்க வேண்டியவை பத்து என்றால், விடுதியில் சேர்ப்பவர் கேட்க வேண்டியவை நூறு. வருத்தம் என்னவெனில், நம்மவர்களில் பலர் ஒன்றுகூடக் கேட்பதில்லை!

யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். யூஸுஃபைத் தங்களோடு அனுப்புமாறு மூத்த மகன்கள் வற்புறுத்தினார்கள். அந்த நபி தம் மனத்தில் இருந்ததை மறைக்கவில்லை. அவனைப் பிரிவது தமக்குக் கவலை தருகிறது என்றும், அவர்கள் கவனமற்று இருக்கும்போது ஓநாய் அவனைத் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாகவும் வெளிப்படையாகச் சொன்னார்கள் (12:13). இறைத்தூதர் ஒருவரே பிள்ளையை அனுப்புமுன் தம் அச்சத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். தலைமையாசிரியர் அறையில் நமக்கு மட்டும் ஏன் நா எழவில்லை? “கேட்டால் இடம் கிடைக்காதோ, நம்மைப் பழமைவாதி என்று நினைப்பார்களோ” என்ற கூச்சம்தான் காரணம். கூச்சப்பட்டு வாய்மூடிச் சேர்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து, “என் பிள்ளையை ஜெபத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்” என்று ஊரெல்லாம் குறை சொல்லித் திரிவதில் என்ன நியாயம் இருக்கிறது?

நம் நாட்டுச் சட்டமும் இதில் பெற்றோருக்குத் துணை நிற்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதியுதவி பெறும் கல்விக்கூடம் எதுவாயினும், அங்கே நடக்கும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. மாணவர் சிறுவராயின் காப்பாளரின் சம்மதம் வேண்டும். இது 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு, 3ஆவது உட்பிரிவு. சிறுபான்மையினர் தங்களுக்கெனப் பள்ளிகள் நிறுவி நடத்தும் உரிமையை 30ஆவது பிரிவு அளிக்கிறது. பள்ளி நடத்துவது அவர்கள் உரிமை. நம் பிள்ளையின் வணக்கத்தைப் பற்றிச் சொல்வது நம் உரிமை. ஆகவே சண்டைக்குப் போகும் முகத்தோடு போக வேண்டியதில்லை. ஸலாமத்தான முகத்தோடு, அதபோடு, சேர்க்கைக்கு முன்பே, எழுத்திலேயே கேளுங்கள்.

எவற்றைக் கேட்பது?

காலைக் கூட்டத்திலும் தேவாலயத்திலும் நடக்கும் வழிபாட்டின்போது நம் பிள்ளை எங்கே இருப்பான்? மதபோதனை வகுப்பு நடக்கும் நேரத்தில் மற்ற மாணவர்களுக்குத் தனியே நன்னெறி வகுப்பு உண்டா?

ஐவேளைத் தொழுகைக்கு ஒரு சுத்தமான மூலையும் சில நிமிடங்களும் கிடைக்குமா? மஃரிபு நேரம் மிகக் குறுகியது. அது மாலைப் படிப்பு நேரத்தோடு மோதுமா? மலைக் குளிரில் அதிகாலை ஒளுச் செய்ய வெந்நீர் கிடைக்குமா? குளிர்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தயம்மும் செய்துவிட முடியாதே! பருவம் அடைந்த பையனாயின், ஜும்ஆவுக்கு அழைத்துச் செல்பவர் யார்?

சமையலறையில் இறைச்சி எங்கிருந்து வருகிறது? ஹலாலுக்கு உறுதி இல்லையெனில், நம் பிள்ளைக்குக் காய்கறியும் முட்டையும் மட்டும் பரிமாறுவார்களா?

ரமளானில் ஸஹருக்கு உணவு கிடைக்குமா? நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து வருகிறது. 2025இல் அது மார்ச் மாதத்தில், பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்த நாட்களிலேயே வந்தது. முன்கூட்டியே பேசி வைத்தால்தான் பிள்ளை நோன்புக்கும் தேர்வுக்கும் நடுவில் தவிக்கமாட்டான்.

பிள்ளையை எப்போதெல்லாம் பார்க்கலாம்? அவன் வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் தடையின்றிப் பேசலாமா? விடுதிக் காப்பாளரைப் பற்றியோ மூத்த மாணவரைப் பற்றியோ குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் சேருங்கள். “இங்கே அதெல்லாம் நடக்காது” என்று பதில் வந்தால் நன்றி கூறித் திரும்பி வாருங்கள். அதுவும் ஒரு நன்மைதான். சேர்ந்த பிறகு தெரிவதைவிடச் சேருமுன் தெரிவது மேல்.

அடுத்து, எந்த வயதில் அனுப்புவது? சின்னஞ்சிறு குழந்தையை வளர்க்கும் உரிமையில் தாய்க்கே முதலிடம் என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. கணவன் மனைவி பிரிய நேர்ந்தால்கூட, ஹனஃபி மத்ஹபில் ஆண் குழந்தை ஏழு வயதுவரை தாயின் பராமரிப்பில் இருக்கும். மணமுறிவிலேயே தாய்மடிக்கு இத்தனை மதிப்பு என்றால், ஒன்றாக வாழும் பெற்றோர் ஐந்து வயதுக் குழந்தையைப் பெருமைக்காக மலையேற்றிவிட்டு வருவதை என்னவென்பது? அந்த ஏழு வயதில்தான் பிள்ளைகளைத் தொழும்படி ஏவச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஏவுவதற்கு நாம் அருகில் இருக்க வேண்டாமா?

யூஸுஃப் (அலை) அவர்கள் சிறு வயதிலேயே தந்தையைப் பிரிந்தார்கள். அயல்நாடு, அயலார் வீடு, பிறகு சிறைச்சாலை. ஆயினும் அந்தச் சிறையில் இருந்துகொண்டே, தம் முன்னோரான இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப் (அலை) ஆகியோரின் மார்க்கத்தையே தாம் பின்பற்றுவதாக உடனிருந்த கைதிகளிடம் அறிவித்தார்கள் (12:38). அல்லாஹ்வின் பாதுகாவலுக்குப் பிறகு, தந்தையிடம் கண்டு வளர்ந்ததே அங்கே பேசியது. ஆகவே பிள்ளையின் பெட்டியில் கம்பளிச் சட்டை வைக்குமுன், அவன் நெஞ்சில் கலிமாவும், நாவில் சில சூராக்களும், உடலில் தொழுகைப் பழக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாதக்கணக்கில் விடுதியில் தங்குபவன் முஸாஃபிர் அல்லன். கஸ்ரு செய்யாமல் முழுமையாகவே தொழ வேண்டும் என்பது போன்ற சட்டங்களையும் சொல்லிக் கொடுங்கள். நாம் விதைக்காததைப் பள்ளி அறுத்துத் தரவில்லையே என்று அழுவதில் பயனில்லை.

சேர்த்த பின்னும் அமானிதம் நம்மிடமே இருக்கிறது. ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தத்தம் பொறுப்பிலுள்ளோர் குறித்து ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியின் கருத்து. கட்டணம் கட்டிய ரசீதைக் காட்டி மறுமையில் அந்த விசாரணையிலிருந்து தப்பிவிட முடியாது. “அத்தா, நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்” என்று பிள்ளை அழுதால், “இவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன்” என்று வாயை அடைக்காதீர்கள். முதல் மாத ஏக்கமாக இருக்கலாம். வெளியே சொல்ல முடியாத துன்பமாகவும் இருக்கலாம். நேரில் போய், தனியே உட்கார்ந்து, முழுவதும் கேளுங்கள். கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

இறுதியாக ஒரு வார்த்தை. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்களின் தந்தை ஓர் அன்பளிப்புச் செய்துவிட்டு, நாயகத்தைச் சாட்சியாக்க விரும்பினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று பெருமானார் வினவினார்கள். இல்லையென்றதும், பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கும்படி ஏவி, சாட்சியாக மறுத்துவிட்டார்கள். மகனின் மலைப் படிப்புக்கு நகையை விற்று, வட்டிக்கும் வாங்கி, மகளை எட்டாம் வகுப்போடு நிறுத்தும் வீட்டுக்கு எந்த வாயால் நாயகத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியும்? வட்டியில்லாமல் இருவரையும் படிக்க வைக்க உள்ளூர்ப் பள்ளிதான் இயலுமென்றால், உள்ளூர்ப் பள்ளியே அந்த வீட்டுக்குச் சிறந்த பள்ளி. மாலையில் மதரஸா, இரவில் தாய்தந்தையின் அருகாமை, இவை எந்த மலையிலும் விலைக்குக் கிடைக்காதவை.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! அவர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தாலும், தொலைவில் இருந்தாலும், அவர்களின் ஈமானை நீயே காப்பாயாக! நீ தந்த அமானிதத்தைக் கண்விழித்துக் காக்கும் பெற்றோராக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.