ஐயமும் அறமும்: 'பரடைஸ்' திரைப்படத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களங்களை நான்காக வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. இவற்றுள் கள்வரையும் இறையையும் அவர் ஒரே நிரலில் வைத்தமை ஊன்றி நோக்கத்தக்கது. பொருளைக் கவரும் கள்வனுக்கு மனிதன் அஞ்சுகிறான். அக்கள்வனைப் பிடித்துத் தரவேண்டிய அதிகாரத்துக்கும் அஞ்சுகிறான். முதலாவது அச்சத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒருவன் இரண்டாவது அச்சத்தைப் பிறர்மேல் ஏவிவிடுவானாயின், விளையும் கேட்டுக்கு அவன் எந்த அளவு பொறுப்பாளி? இவ்வினாவை எழுப்பும் திரைப்படம் ஒன்று ஈழத்து நெறியாளர் பிரசன்ன விதானகேயிடமிருந்து 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'பரடைஸ்' என்பது அதன் பெயர். பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசொக் விருது பெற்ற இப்படத்தின் நிறைகுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்படம் உளவியல் மர்மப்பட வகையைச் சார்ந்தது. அவ்வகையிலும் மெல்லக் கனன்று இறுதியில் பற்றியெரியும் போக்கினது. இத்தகைய படங்களின் இயல்பை விளக்க அல்பிரட் ஹிட்ச்கொக் கூறிய எடுத்துக்காட்டு நன்கறியப்பட்டது. மேசையின் கீழே குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் அது வெடித்தால் கிடைப்பது ஒருகணத் திடுக்காடு. குண்டு இருப்பதை அவர் முன்பே அறிந்திருந்தால், மேசையைச் சுற்றி நிகழும் சாதாரண உரையாடல் முழுவதும் பதைப்பாக மாறும். முன்னையது நிகழ்ச்சியால் பிறப்பது. பின்னையது அறிவால் பிறப்பது. 'பரடைஸ்' இதற்கும் அப்பால் ஒருபடி செல்கிறது. குண்டு எங்கே இருக்கிறது என்பதை அது நமக்குக் காட்டுவதில்லை. குண்டை வைத்தவர்களுள் நாமும் அடங்குவோமோ என்ற ஐயத்தை மட்டும் வளர்க்கிறது.

கதை சிறியது. 2022 யூன் மாதம். இலங்கை பொருளாதார வீழ்ச்சியின் அடித்தளத்தில் கிடக்கிறது. மலையாளத் தம்பதியரான கேசவும் அமிர்தாவும் தம் ஐந்தாவது திருமண நாளைக் கொண்டாட மலையகத்துக்கு வருகின்றனர். சாரதியும் வழிகாட்டியுமான அன்ட்ரூ அவர்களுக்கு இராமாயணத்தோடு தொடர்புடைய இடங்களைக் காட்டுகிறார். ஓரிரவு தங்குமிடத்துள் நுழைந்தோர் அவர்களது கணினியையும் தொலைபேசிகளையும் பறித்துச் செல்கின்றனர். தன் தொழில் முழுவதும் அக்கணினியில் அடங்கியிருப்பதாகக் கருதும் கேசவ், பொலிசாரை ஓயாது நெருக்குகிறான். நெருக்கப்பட்ட பொலிஸ் அலுவலர் பண்டார, தோட்டத்துத் தமிழ் இளைஞர் மூவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அமிர்தாவுக்கு உறுதியில்லை. கேசவோ அவர்களே என்கிறான். அடிபட்டவர்களுள் ஒருவன் இறந்துபோகிறான். பின்னர் எல்லாம் சரிகிறது.

படத்தின் தலையாய சிறப்பு அதன் நிதானமேயாகும். கேசவ் கொடியவனாக அறிமுகமாவதில்லை. மனைவியை நேசிக்கிறான், பொருளை இழந்து தவிக்கிறான், கடமையைச் செய்யாத அலுவலகத்தின்மேல் சினம் கொள்கிறான். இவற்றுள் எதையும் நாம் குற்றமெனச் சொல்லமாட்டோம். பொருள் விரைவில் கிடைக்கட்டும் என்று நாமும் அவனோடு சேர்ந்து விரும்புகிறோம். விரைந்து செல்லும் படமாயின் அவ்விருப்பத்தின் விலையை உடனே காட்டி, நம்மை நல்லவர் பக்கம் நிறுத்தியிருக்கும். இப்படமோ அவ்விருப்பத்தை நம்முள் வேரூன்ற விட்டு, பின்னரே விலையைச் சொல்கிறது. தீமை பெரும்பாலும் பொறுமையற்ற நல்ல மனிதரின் சாதாரணக் கோரிக்கையாகவே தொடங்குகிறது என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உணர்த்துதல் அரிது.

தமிழிலக்கியம் பயின்றார்க்கு இவ்விடத்தில் கோவலன் நினைவுக்கு வராமலிருக்க முடியாது. ஊருக்குப் புதியவன், களவுப் பழி, ஆராயாத ஆணை, மீட்கமுடியாத உயிர் என்னும் நான்கும் இரண்டிடத்தும் உள. எனினும் ஒரு வேறுபாடு பெரிது. மதுரையில் புதியவன் பழிசுமத்தப்பட்டான். மலையகத்தில் புதியவனே பழிசுமத்துகிறான். பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணத்திலேயே உயிர்விட்டான். கேசவுக்கு அவ்வுணர்வு வாய்ப்பதில்லை. அடித்தது பொலிஸ், தான் முறைப்பாடு மட்டுமே செய்தேன் என்ற மதிலுக்குள் அவன் ஒளிந்துகொள்கிறான். அதிகாரம் பலர் கையில் பகிர்ந்து கிடக்கும் நம் காலத்தில் 'யானே கள்வன்' என்று கூற எவரும் முன்வருவதில்லை என்பதே இப்படம் தரும் கசப்பான பாடம்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழ்வோர்க்கு இப்படத்தின் பின்புலம் அயலானதன்று. இராமாயணத் தலங்களைக் காணவரும் பயணிகள் கோணேசர் ஆலயத்தையும் இராவணன் வெட்டையும் கன்னியா வெந்நீரூற்றுகளையும் பார்த்துச் செல்வது இங்கு வழக்கமான காட்சி. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் துறைமுகத்தின் அருகே நிற்க, 2022இல் இந்நகர மக்களும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றனர். அவ்வாண்டு மே 9ஆம் நாள் பதவி துறந்த பிரதமர் மகிந்த ராஜபக்ச அடைக்கலம் புகுந்ததும் இங்குள்ள கடற்படைத் தளத்திலேயே. செய்தி பரவியதும் மக்கள் அதன் வாயிலில் திரண்டனர். குடி இறைக்கு அஞ்சும் என்றார் தொல்காப்பியர். இறை குடிக்கு அஞ்சியதை இத்துறைமுகம் கண்டது.

ஆயினும் அச்சம் இடம்மாறியதால் அறம் நிலைபெற்றுவிடவில்லை. ஐயத்தின் பேரில் மனிதரை நிரையில் நிறுத்துவதும், முகமூடியணிந்த 'தலையாட்டி'யின் ஓர் அசைவால் ஒருவன் விதி முடிவதும் போர்க்கால வடகிழக்கின் பட்டறிவு. கேசவ் அவர்களே என்று சொல்லும் காட்சியில் அவன் முகத்தில் மூடி இல்லை, அவ்வளவே வேறுபாடு. இக்காட்சியைத் தென்னிந்தியப் பார்வையாளர் கதையின் திருப்பமாகக் காணலாம். நமக்கு அது நினைவு.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவது, படத்தின் நிதானம் எல்லோர்க்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. தம்பதியரின் மௌனத்துக்கும் மனக்கசப்புக்கும் வழங்கப்பட்ட நேரத்தில் சிறுபகுதிதானும் அம்மூன்று இளைஞர்க்கு வழங்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர், இந்தியாவிலிருந்து வந்த விருந்தினன் முன்னே குற்றவாளிகளாக நிற்கின்றனர். இம்முரணின் ஆழத்தை எண்ணுக. படமோ அதைத் தொட்டுவிட்டுக் கடந்து செல்கிறது. இறந்தவன் நமக்கு ஓர் உடலாக எஞ்சுகிறானேயன்றி ஓர் உள்ளமாக அல்லன். உளவியற் படம் ஒன்று எவருடைய உளத்தை ஆராய்வதற்குரியதென எண்ணுகிறது என்பதே ஓர் அறத் தேர்வு அன்றோ?

இரண்டாவது, இராமாயணக் குறியீடு. சீதையே போரிடும் வடிவங்களும் அக்கதைக்கு உண்டு என்ற பேச்சு அமிர்தாவின் மாற்றத்துக்கு முன்னறிவிப்பாகப் பயன்படுகிறது. கருத்து நன்று, ஆயின் நிகழ்ச்சிகள் தாமே பேசும் இடத்திலும் குறியீடு குறுக்கிட்டு உரை சொல்கிறது. மூன்றாவது, முடிவு. இறுதித் துப்பாக்கிச்சூடு தற்செயலோ தீர்மானமோ என்பதைப் படம் திறந்தே விடுகிறது. இதனைப் போற்றுவோர் பலர். அமிர்தாவின் உள்ளத்தைப் பொறுத்தவரை இவ்வையம் வளமானது என்பதை ஏற்கலாம். ஆனால் அவ்வெடியோசையோடு நம் சிந்தை முழுவதும் அவள்பால் திரும்பிவிடுகிறது. இறந்த இளைஞனுக்குரிய வழக்கு கேட்பாரற்றுப் போகிறது.

இங்கேதான் இவ்வகைப் படங்கள் அனைத்துக்கும் பொதுவான இடர் வெளிப்படுகிறது. பதைப்பு ஓர் இன்பம். அது முடிவுற்றதும் பார்வையாளர் கணக்குத் தீர்ந்தது எனக் கருதி எழுந்துசெல்வர். வாழ்வின் கணக்கு அவ்வாறு தீர்வதில்லை. 2006 சனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். வழக்கு 13 ஆண்டுகள் நீண்டு, 2019 யூலையில் சந்தேகநபர் 13 பேரும் போதிய சான்றின்மையால் விடுவிக்கப்பட்டனர். ஒன்றரை மணி நேரப் படத்தின் மெதுவோட்டத்தைப் பொறுமையின் கலை என்கிறோம். பெற்றோர் காத்திருந்த அந்த 13 ஆண்டுகளை என்னென்பது? ஐயத்தைச் சுவையாக நுகர்வோர்க்கும் ஐயத்திலேயே வாழ்வோர்க்கும் இடையிலுள்ள தொலைவை எந்த நெறியாள்கையும் முற்றாகக் கடந்துவிட இயலாது.

அதனால் இப்படத்தைத் தள்ளிவிடலாகாது. குறைகள் இருந்தும், பார்வையாளரைக் குற்றத்துக்கு வெளியே நிறுத்தாத நேர்மை அதற்குண்டு. அந்நேர்மை நம் திரையில் அரிது. முறைப்பாடு செய்பவன் தன் இழப்பை மட்டும் எண்ணாது, தன் சொல் எவர் கையில் எவ்வகை ஆயுதமாகும் என்பதையும் எண்ணக் கடமைப்பட்டவன். உறுதியில்லாத இடத்தில் உறுதியில்லை என்று சொல்வது எளிய அறம். பொருளை இழந்தவனுக்கு அதுவே மிகக் கடினமான அறமுமாகும். அமிர்தா அதைத் தொடக்கத்திலேயே உணர்ந்தாள். ஆனால் அவள் குரல் உரிய வேளையில் உரக்க ஒலிக்கவில்லை.