கவனம் என்னும் கடன்

மனத்தை ஒருமுகப்படுத்து என்று உபதேசிக்காத பெரியவர்கள் இல்லை. ஆனால் மனம் எந்தக் கணத்தில் நழுவுகிறது என்பதை உடையவனுக்கே காட்டிக் கொடுக்க அவர்களிடம் வழி இல்லை. இன்று ஒரு வழி இருக்கிறது. அது மனத்தைப் பார்ப்பதில்லை, இரத்தத்தைப் பார்க்கிறது.

1870-களில் இத்தாலியில் ஆஞ்செலோ மோஸ்ஸோ என்ற உடலியல் அறிஞர், மண்டையில் அடிபட்டு எலும்பு திறந்திருந்த ஒரு குடியானவனின் மூளைத் துடிப்பைப் பதிவு செய்தார். நண்பகலில் மாதா கோயில் மணி ஒலித்தது, துடிப்பு உயர்ந்தது. ஜபம் சொல்லவேண்டும் என்ற நினைவு வந்ததா என்று மோஸ்ஸோ கேட்டார், மறுபடியும் உயர்ந்தது. நினைவு போன இடத்துக்கு இரத்தமும் போயிற்று!

1990-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸெய்ஜி ஒகாவாவும் அவருடைய தோழர்களும், இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் ஏற்றத்தாழ்வு காந்தக் கருவியின் படத்தில் தெரியும் என்று காட்டினார்கள். இதற்கு மண்டையைத் திறக்கும் அவசியம் இல்லை.

பிறகு அந்தப் படத்தையே பயிற்சி ஆசானாக்கினார்கள். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த அறிஞர்கள் 2015-இல் வெளியிட்ட சோதனை ஒன்று: மனித முகமும் ஓர் இடத்தின் காட்சியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் தெரியும். இரண்டில் ஒன்றையே கவனிக்க வேண்டும். கவனம் பிசகினால், கவனிக்க வேண்டிய படம் மங்கும், மற்றது மேலோங்கும். மனம் திரும்பினால் படமும் தெளியும். இப்படிப் பழகியவர்கள் பின்னர் இன்னும் நன்றாகக் கவனித்தார்கள். வேறொருவர் மூளையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டிப் பழக்கப்பட்டவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை.

இந்தக் கடைசிச் செய்திதான் என் மனத்தைத் தொட்டது. அடுத்தவன் முகம் தெரியும் கண்ணாடியில் நம் நெற்றிப் பொட்டைத் திருத்த முடியாது. தன்னைத் தானே பார்த்துத் திருந்துவது என்று அறநூல்கள் சொல்வதை, விஞ்ஞானம் தன் பாஷையில் சொல்லியிருக்கிறது.

ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கவனம் கூர்மையாவது நல்லதுதான்; எதன்மேல் கூர்மையாவது? குளத்தங்கரையில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குக்குக் குறைவான கவனமா? கூட்டத்தில் பிறர் பையைத் துழாவும் ஜேப்படிக்காரனின் ஒருமுனைப்பு எந்த யோகிக்குக் குறைந்தது? இடி இடித்தாலும் உறங்கும் தாய், குழந்தை லேசாகச் சிணுங்கினால் விழித்துக்கொள்கிறாள். அவளுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? அவள் கவனத்துக்கு அன்பு திசை காட்டுகிறது.

கருவி கவனத்தின் அளவைச் சொல்லும், தகுதியைச் சொல்லாது. திரையில் முகத்தைப் பார்ப்பதா, காட்சியைப் பார்ப்பதா என்பதைக்கூட வேறொருவர்தான் தீர்மானித்துக் கொடுக்கிறார். நாளை அந்தத் தீர்மானம் முதலாளியின் கைக்கோ வாத்தியாரின் கைக்கோ போகுமானால், என் இரத்தம் ஓடவேண்டிய திசையை இன்னொருவர் விதிப்பதாகும். தன் மனம் அலைவதைத் தானே அறிவது ஞானம். அதைப் பிறர் கண்காணிப்பது காவல்.

நம் எதிரே உட்கார்ந்து ஒருவர் தம் துக்கத்தைச் சொல்லும்போது நாம் செலுத்தும் கவனம், அவருக்கு நாம் பட்ட கடன். அதைத் தீர்க்கும் திறமையை வேண்டுமானால் கருவியிடம் கற்கலாம். கடன் யாருக்கு என்பதை நாமேதான் அறிந்துகொள்ள வேண்டும்.