குனிந்து பார்ப்பது

காரில் எதற்கெல்லாமோ எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. இன்ஜின் ஆயிலின் அழுத்தம் இறங்கினால் சிவப்பு விளக்கு. கதவு சரியாக மூடாவிட்டால் ஒரு விளக்கு. சீட் பெல்ட் போடாவிட்டால் சத்தமே போடும். பின் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஆயிலுக்கு மட்டும் பெரும்பாலான வண்டிகளில் விளக்கும் கிடையாது, அளவு பார்க்கும் குச்சியும் கிடையாது. அது எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய வேண்டுமானால் ஒருவர் வண்டிக்கு அடியில் போய், ஒரு நட்டைக் கழற்றி, விரலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.

நம் வாழ்க்கையில் பல வேலைகள் இப்படி நம் கண்ணுக்குப் படாமலே நடக்கின்றன. அவற்றைச் செய்கிறவர்களை நாம் நம்புகிறோம். அப்படி நம்பும் ஒருவருடைய வேலையைச் சரிபார்ப்பது அவரை அவமதிப்பதாகுமா? நீண்ட நாளாக என்னிடம் இருக்கும் கேள்வி இது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிவிட்டால் டயர் தரையில் இழுபட்டுத் தேயும். இரண்டு சக்கரங்களுக்கும் விசையைக் கொடுத்துக்கொண்டே, அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடுகிற பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்பிலும், பின்சக்கரங்களால் ஓடும் ஆரூஸ் மாதிரி வண்டியிலும், லோரியிலும் பின் அச்சின் நடுவில் சட்டியைப் போலப் புடைத்துக்கொண்டிருப்பது அதுதான். மைவி போன்ற முன்சக்கர வண்டிகளில் அது கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும்.

பின் அச்சுப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சின்னது பெரியதன் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்துகின்றன. சாதாரண ஆயில் அந்த அழுத்தத்தில் பிதுங்கி விலகிவிடும். இரும்பும் இரும்பும் உரசும். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து கலந்த கெட்டி ஆயிலை ஊற்றுகிறார்கள். டப்பாவில் பெரும்பாலும் ‘ஜிஎல்-5’ என்று போட்டிருக்கும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

பழைய ஆயிலோடும் வண்டி ஓடும். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம் கேட்கும்போது பற்கள் தேய்ந்து முடிந்திருக்கும். எந்தப் பட்டறையில், எந்த வருடம், யார் செய்யாமல் விட்டது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.

கிள்ளானில் நான் வண்டி விடும் பட்டறையில் ஓர் அண்ணன் இருக்கிறார். தோட்டத்து லோரிகளில் தொழில் கற்றவர். இந்த ஆயிலை மாற்றுவதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவரச் சொல்வார். சூடானால்தான் ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடோடு இறங்கும். வண்டியைச் சமமாகத் தூக்கிவிட்டு அவர் முதலில் தொடுவது மேல் நட்டை.

“மேல் நட்டு கழருதான்னு பாக்காம கீழ கைய வைக்கக் கூடாது தம்பி. உள்ள இருக்கறத எல்லாம் ஊத்திட்டு, மேல நட்டு இறுகிப்போய் கெடந்தா புது ஆயில எந்த வழியா ஊத்துவ?”

கீழ் நட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசையாக இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார். பசையாக இருந்தால் இயல்பான தேய்மானம். சில்லு நெருடினால் உள்ளே ஏதோ உடைகிறது. ஆயில் தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அப்படி நிறைய வண்டிகளைப் பார்த்ததாகச் சொன்னார். சூடான பெட்டி வெள்ளத்தில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியே இருக்கும் நீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். புது ஆயிலை, மேல் துளையின் விளிம்பு வரை வந்து வழியத் தொடங்கும் வரை ஊற்றுவார். அதுதான் அளவு.

ஒவ்வொரு கட்டத்திலும் என்னைக் கூப்பிடுவார். “வந்து பாரு தம்பி.”

அவரிடம் வருவதற்கு முன் வேறொரு பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே கொடுத்த ரசீதில் ‘டிஃப் ஆயில்’ என்று ஒரு வரி இருந்தது, பணமும் கட்டினேன். ஆறு மாதம் கழித்து அண்ணன் என் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். மேல் நட்டைச் சுற்றிப் பல வருட மண் காரைபோல இறுகிக் கிடந்தது. ஸ்பானர் பட்ட தடமே இல்லை.

மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற பொருளாதார அறிஞர்கள் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த நிலைமையைத்தான் பேசுகிறது. சில பொருள்களின் தரம் வாங்கும்போதே தெரியும், துணி மாதிரி. சிலவற்றின் தரம் பயன்படுத்தினால் தெரியும், நாசி லெமாக் மாதிரி. மூன்றாவது வகை, வாங்கிப் பயன்படுத்திய பிறகும் நமக்குத் தெரியாது. பழுதுபார்க்கும் தொழில் இந்த வகை. வைத்தியமும் பெரும்பாலும் அப்படித்தான்.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 1970இல், ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து இன்னொன்றைக் காட்டினார். நல்ல கார் எது, மோசமான கார் எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாத இடத்தில் எல்லாவற்றுக்கும் நடுத்தரமான விலைதான் கிடைக்கும். நல்ல காரை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க விரும்பாமல் விலகிவிடுவார். மிஞ்சுவது மோசமானவை. காருக்குப் பதிலாக மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். ஒருவர் அரை மணி நேரம் மல்லாந்து படுத்து, பல வெள்ளி பெறும் ஆயிலை ஊற்றுகிறார். இன்னொருவர் ரசீதில் ஒரு வரி எழுதுகிறார். இருவருக்கும் கிடைக்கும் பணம் ஒன்றுதான் என்றால், யார் கடையை மூடுவார்?

பார்க்காமல் இருப்பதை நாம் பெருந்தன்மை என்று நினைக்கிறோம். அதன் செலவை ஏமாற்றுக்காரன் கட்டுவதில்லை. நேர்மையாக உழைப்பவர்தான் கட்டுகிறார்.

அண்ணனிடம் கேட்டேன், எல்லா வாடிக்கையாளரையும் இப்படிக் கூப்பிடுவீர்களா என்று. “கூப்பிடுவேன். போன்லேர்ந்து தலைய நிமித்த மாட்டாங்க. ‘நீங்க பாத்துக்குங்க அண்ணே’ம்பாங்க. நம்பிக்கைதான், தப்பு சொல்லல. ஆனா ஒருமாதிரியா இருக்கும்.”

அந்த ‘ஒருமாதிரி’யை நான் பிறகு நிறைய யோசித்தேன். யாரும் பார்க்காவிட்டாலும் அவர் ஒழுங்காகத்தான் செய்கிறார். அவருடைய நேர்மைக்கு நான் காவல் நிற்கத் தேவையில்லை. ஆனால் நன்றாகச் செய்த வேலைக்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது. ‘நீங்க பாத்துக்குங்க’ என்பது கேட்க மரியாதையாக இருந்தாலும், உங்கள் வேலையில் பார்க்க எனக்கு ஒன்றுமில்லை என்றும் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. மனைவியின் கைப்பேசியைத் தினமும் சோதிக்கும் கணவன் என்ன சொன்னாலும் அதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை. சோதனை உறவைத் தின்றுவிடும். உண்மைதான். ஆனால் அங்கே அரிப்பது பார்வையின் திருட்டுத்தனம். அவர் முன்னாலேயே, அவர் கூப்பிட்டு, அவர் காட்டுவதைப் பார்ப்பது வேறு.

காகிதத்தால் சரிபார்ப்பதும் வேறுதான். பிரிட்டிஷ் தத்துவவாதி ஒனோரா ஓநீல் 2002இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளில் இதைப் பேசினார். இலக்குகளும் படிவங்களும் தணிக்கைகளும் பெருகப் பெருக நம்பிக்கை வளர்வதில்லை. வேலையைச் சரியாகச் செய்கிறவர்களின் கைதான் கட்டப்படுகிறது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. இருபது கட்டங்களில் ‘சரி’ போட்டு முத்திரை குத்திய தாளை நானும் வாங்கியிருக்கிறேன். தாளில் டிக் போடுவதற்கு வண்டிக்கு அடியில் போகவேண்டியதில்லை. மேல் நட்டைச் சுற்றியிருந்த அந்த மண் எந்தப் படிவத்திலும் வராது.

எல்லாவற்றுக்கும் அடியில் குனிய நம்மால் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அறுவை சிகிச்சை மேசையில் படுத்திருப்பவர் எதைச் சரிபார்ப்பார்? அங்கே நமக்குப் பதிலாக, விஷயம் தெரிந்த வேறு யாராவது பார்த்தாக வேண்டும். ஆனால் குனிய முடிந்த இடத்திலும் நாம் குனிவதில்லை. அதற்குக் காரணம் நேரமின்மை மட்டுமில்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம்.

நம் சமூகத்தில் இந்தக் கூச்சம் பட்டறையோடு நிற்பதில்லை. கோயில் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவைக் கேட்கிறவர் எழுந்தவுடனே, “என்னா அண்ணே, நம்ம ஆளு மேலயே நம்பிக்கை இல்லையா?” என்று ஒரு குரல் வரும். கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். ஏமாற்றுகிற பொருளாளர் ஒருவர் இருந்தால் அந்தக் குரல் அவருக்கு வசதி. நேர்மையான பொருளாளரை நினைத்துப் பாருங்கள். வருடம் முழுக்க ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாக ஒட்டி, பூ வாங்கிய பத்து வெள்ளி வரை எழுதி, கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். யாரும் அதைப் புரட்டாமல், ‘ஏற்றுக்கொள்கிறோம்’ என்று கைதட்டிவிட்டுச் சாப்பிட எழுந்து போகிறார்கள். அடுத்த வருடம் அவர் அந்தப் பதவிக்கு நிற்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.