பந்திக்கு முன்பே கூடை



முகூர்த்த நாளில் கடைசிப் பந்தி எழுந்தபின் கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? அண்டாவில் பாதிச் சோறு இருக்கும். வாளி நிறையச் சாம்பாரும் யார் கையும் படாத பொரியலும் இருக்கும். மண்டபத்தைக் காலி செய்ய நேரமாகிவிட்டது, பாத்திரம் கழுவ வேண்டும். வீட்டாரோ களைத்துப்போய் மணமக்களை வழியனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சோறு குப்பைக்குப் போகிறது. அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முன்கூட்டி யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அதே இரவில் இரண்டு தெரு தள்ளி, ஒரு தாய் பிள்ளைகளுக்குத் தேநீரை மட்டும் கொடுத்துப் படுக்க வைக்கிறாள்.

யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்து வாற்கோதுமை அப்பத்தால் ஐயாயிரம் பேரை நிறைவித்த ஆண்டவருக்கு, மறுநாளும் அப்படிச் செய்ய முடியாதா? ஆனாலும் மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார். 12 கூடைகள் நிரம்பின. அன்பானவர்களே, நம் வீட்டு விசேஷத்தில், நம் கோயில் அசனத்தில், அந்தக் கூடை எங்கே இருக்கிறது?

பந்தி முடிந்தபின் கூடையைத் தேடினால் காலம் கடந்துவிடும். தேங்காய் சேர்த்த குழம்பும் பொரியலும் நம் வெயிலுக்குச் சில மணி நேரம்கூடத் தாங்காது. கோவையில் 2014இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பினர் விசேஷங்களில் மிஞ்சும் உணவை எடுத்துப்போய்ப் பசித்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படி யாராவது இருப்பார்கள். இல்லையென்றால் நம் இளையோர் இருக்கிறார்கள். பத்திரிகை அடிக்கும்போதே அவர்களிடம் பேசிவையுங்கள். இலையில் ஒதுக்கியதைக் கொடுக்க வேண்டாம், பாத்திரத்தில் இருப்பதைக் கொடுங்கள். எவ்வளவு மிஞ்சும் என்பது இரண்டாம் பந்தியிலேயே சமையல்காரருக்குத் தெரிந்துவிடும். அப்போதே சொல்லியனுப்பினால் சோறு சூடாகப் போய்ச் சேரும். தூங்கிய குழந்தையை நள்ளிரவில் எழுப்பி ஊட்ட வேண்டியிருக்காது. நான் வலியுறுத்திச் சொல்வது இந்த நேரத்தைத்தான். இரக்கத்துக்கும் ஏற்ற வேளை உண்டு.

உணவை எறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவது போன்றது என்று 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னார். கேட்டதும் மனம் குத்துகிறது. கொட்டிய சோற்றை நினைத்துக் கலங்குகிறவர்களே, ஆண்டவர் உங்களைக் கணக்குக் கேட்டு விரட்டுகிறவர் அல்லர். அடுத்த பந்திக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறார்.

பொட்டலத்தை வாங்கக் கூசுகிற குடும்பங்களும் நம் பங்கில் உண்டு. உங்களுக்கும் ஒரு வார்த்தை. மாமியாருக்கும் தனக்கும் உணவு தேடி, போவாசின் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கினார் ரூத்து. மத்தேயு எழுதிய நம் ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. கூசாமல் கை நீட்டுங்கள்.

எடுத்துப்போகும் இளையோரே, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சாப்பிட்டீர்களா அம்மா என்று விசாரியுங்கள். தயவுசெய்து படம் மட்டும் எடுக்காதீர்கள்.